சாமான் ஏற்றிய மொறிஸ் மைனர்

ஹரோ, லண்டன்
2024 பெப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

குளிர் எலும்புவரை போகிறது என்பதைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் விமலேஸ்வரி அக்காவுக்கும் உடம்பு எப்படி? ஷெல் அடியில் போன உங்கள் காதுக்குப் போனில் கதைத்துப் பயனில்லை. வட்ஸ்அப் உள்ள போன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறீர்கள். ஆகவே இந்தக் காலத்திலும் நான் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் பத்தாம் திகதி திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பழைய கார்க்காரரின் சந்திப்பு ஒன்று நடக்கிறது. விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளோடு நேரே அங்கேதான் வந்து இறங்குகிறேன். வடக்குக் கார்கள் வரிசை கட்டிக்கொண்டு அந்தக் கடற்கரைக்கு வருவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செட்டிகுளம் ஆதம்பாவா அண்ணனின் ஏ-40, யாழ்ப்பாணத்துச் சுகிர்தனின் கேம்பிறிட்ஜ், ஒட்டுசுட்டான் திலீபனின் போக்ஸ்வேகன். மூவரும் ஓம் என்றுவிட்டார்கள். நீங்களும் உங்கள் மொறிஸ் மைனரும்தான் பாக்கி.

பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாய் வளர்ந்த கார் அது. ஓட்டை விழுந்த தகரத்தை எல்லாம் மாற்றி நீங்கள் அதைத் திரும்ப எழுப்பிய கதையை இங்கத்தைய சந்திப்புகளில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒருவனும் நம்புகிறான் இல்லை. அக்காவை முன் சீற்றில் இருத்திக்கொண்டு வாருங்கள். மறுமொழி கெதியாய் வேண்டும்.

உங்கள் இருவரின் சுகத்தையும் விரும்பும்,
செல்வராசா


வட்டக்கச்சி, கிளிநொச்சி
2024 மார்ச் 9

அன்புள்ள செல்வராசாவுக்கு,

உமது கடிதத்தை மடிப்பு கிழியும்வரை வாசித்தேன். நீர், மனைவி, பிள்ளைகள் யாவரும் நலம் என்று அறிந்து சந்தோசம். இங்கே இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது. சிறுபோகம் விதைக்கலாம் என்கிறார்கள்.

கார்களை வரிசையில் ஓட்டுவது உம்முடைய லண்டன் நெடுஞ்சாலையில் போவது போல் அல்ல. ஆகவும் மெதுவான கார்தான் முன்னுக்குப் போக வேண்டும். வேகமானது முன்னுக்குப் போனால் வவுனியா தாண்டுமுன் வரிசை அறுந்துவிடும். ஆகவே மைனர் முதலாவது, அதன் பின் ஏ-40, பிறகு போக்ஸ்வேகன், கடைசியில் கேம்பிறிட்ஜ். சுகிர்தன் பொடியன் காலைக் கட்டுப்படுத்த மாட்டான், அவனைக் கடைசியில் விட்டால்தான் எல்லோருக்கும் நல்லது. ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை உண்டு. வெயில் சாயுமுன் அந்தக் காட்டைக் கடந்துவிட வேண்டும். ஆளுக்கொரு பான் பெல்ற்றும் ஒரு செற் பொயின்ற்றும் கையில் இருக்கட்டும்.

எஞ்சின் நல்ல சொல்வழி கேட்கிறது. சத்தம் எனக்குக் கேட்காவிட்டாலும் பொனெற்றில் உள்ளங்கையை வைத்தால் எந்தச் சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று தெரியும். றேடியேற்றர் மட்டும் கொஞ்சம் கசிகிறது. அதனால் வருவேன் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் வரத்தான் ஆசை. கார்பரேற்றரைப் பற்றித் தெரிந்த மனிதரோடு நின்று கதைத்து எவ்வளவு காலமாகிறது.

அக்கா சுகமாய் இருக்கிறா.

அன்புடன்,
கதிர்காமநாதன்


ஹரோ
2024 ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், சின்னவனுக்கு மட்டும் பல் முளைக்கிற சிணுங்கல். உங்கள் கடிதம் வந்த அன்றே வரிசைத் திட்டத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கடைசியில் போட்டதற்குச் சுகிர்தன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

றேடியேற்றர் கதையை நான் நம்பவில்லை. உங்கள் வீட்டில் எனக்கு ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எடுத்தேன். "ஓமடா தம்பி, காரிலை சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. அரிசி, மா, லாம்பு, பாய் எல்லாம் வைச்சிட்டன். கொத்தான்தான் வெளிக்கிடுறார் இல்லை" என்றா. எனக்குச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. ஓகஸ்ட் பயணத்துக்கு ஏப்ரலிலேயே அரிசி ஏற்றுகிற மனுசி. ஹோட்டலில் சாப்பாடு தருவார்கள், லாம்பும் தேவையில்லை என்று அவாவுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னதற்கு, "அங்கை ஒண்டும் கிடையாதடா, நீ அறியாய்" என்று என்னையே பேசினா.

எப்போதும் பயணம் என்றால் சுணங்குகிறது அவாதான் என்பீர்கள். இப்போது பார்த்தால் ஆள் மாறிவிட்டது. நீங்கள்தான் காலை இழுக்கிறீர்கள்.

விடை தாமதியாமல் எழுதுங்கள். அக்காவின் கையால் ஒரு வரி என்றாலும் வேண்டும்.

செல்வராசா


வட்டக்கச்சி
2024 மே 6

அன்புள்ள செல்வராசாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். தபாற்கந்தோருக்குப் போக எனக்கு இப்போது பக்கத்து வீட்டு வடிவம்மா ஓய்வாய் இருக்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. சின்னவனுக்குப் பல் முழுதாய் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சந்திப்பைக் கடற்கரையில்தான் வைக்க வேண்டுமா? உப்புக் காற்று பழைய தகரத்துக்குக் கூடாது. கன்னியாப் பக்கம் நல்ல வெளி இருக்கிறது, மரமும் உண்டு. கடல் தெரியாத இடமாய் இருந்தால் நல்லது. நீர் ஏற்பாட்டுக்காரருடன் கதைத்துப் பாரும்.

மற்றது, அந்தப் பாதையில் நாலைந்து கார் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாமானோடு போவது பார்க்க அவ்வளவு நல்லாய் இருக்காது என்றும் ஒரு யோசனை. ஆளுக்காள் தனியே போய் அங்கே சந்தித்தால் என்ன? நான் முதலில் வரிசையைப் பற்றி எழுதினேன்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன்.

அக்காவுக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. வேலை அதிகம். காரின் பின்சீற்றைக் காலையில் நான் துப்புரவாக்குகிறேன், பின்னேரம் பழையபடி ஆகிவிடுகிறது. அதை விடும். டைனமோவும் சரியாய் சார்ஜ் பண்ணுகிறதில்லை.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

கதிர்காமநாதன்


ஹரோ
2024 மே 25

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நலம், மனம்தான் சரியில்லை.

முதலில் றேடியேற்றர், பிறகு டைனமோ, அதன் பிறகு உப்புக் காற்று. இனி என்ன, ஸ்ரியறிங்கில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று எழுதுவீர்கள். வரிசையாய்ப் போக வேண்டும் என்று ஆளை ஆள் ஒழுங்குபடுத்தித் தந்ததே நீங்கள். இப்போது வரிசை வேண்டாமாம், கடல் வேண்டாமாம். விருப்பமில்லை என்றால் நேரே சொல்லிவிடலாமே.

அக்காவைப் பாருங்கள், எவ்வளவு ஆவலாய் நிற்கிறா. போன கிழமை எடுத்தபோது, "எல்லாரும் போயிட்டினம், நாங்கள்தான் மிச்சம். தண்ணியும் போத்திலிலை நிரப்பி வைச்சிருக்கிறன்" என்றா. சந்திப்பு இன்னும் நடக்கவில்லை, ஓகஸ்டில்தான் என்று விளங்கப்படுத்தினேன். "உனக்கு அங்கை இருந்துகொண்டு என்ன தெரியும்" என்றா. வழமையான கதைதான். ஆனால் குரலில் ஒரு கவலை இருந்தது, அத்தான். அவாவுடைய ஆசையைக் கெடுக்காதேங்கோ.

ஆதம்பாவா அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து காரைப் பார்ப்பார். என்ன குறை என்றாலும் அவர் திருத்தித் தருவார்.

செல்வராசா


செட்டிகுளம்
2024 ஜூன் 18

கதிர் அண்ணன் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் சுகம். நேரில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

நான் வந்தபோது காரின் பின்சீற் நிறைய அரிசிப் பை, பானை, லாம்பு, பாய், காணி உறுதி வைத்த பை, படுக்கை விரிப்பில் கட்டிய உடுப்பு மூட்டை. பயணத்துக்கு ஆயத்தம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகு அக்கா என் கையைப் பிடித்தா. "நீங்களும் ஏறுங்கோ தம்பி, பின்னாலை இடம் இருக்கு. ஷெல் கிட்டக் கிட்ட வருது, நடந்து போகாதேங்கோ" என்றா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவா இன்னும் அந்த 2009 இடம்பெயர்விலேயே நிற்கிறா.

தொண்ணூறில் முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது எனக்குப் பதினைந்து வயது. நாங்கள் நடந்தோம். வழியில் ஒருவரும் எங்களை ஏறச் சொல்லிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி சபூறாவிடம் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

செல்வராசா போனில் கேட்டார். கார்பரேற்றர் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். பொய்தான். நீங்கள் கையெடுத்துக் கேட்டீர்கள், என்ன செய்வது. ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி? அவாவுக்காகக் கேற்றைப் பூட்டி, உள்ளே நீங்களும் அல்லவா பூட்டுப்பட்டிருக்கிறீர்கள். டொக்டர் சொன்னதைத் தம்பிக்காரனுக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்களால் வர முடியாவிட்டால் காரையாவது அனுப்புங்கள். என் மகன் ஸாஜித் பக்குவமாய் ஓட்டுவான். கார் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் அவாவுக்கும் ஆறுதலாய் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

உங்கள் இருவருக்காகவும் துஆச் செய்யும்,
ஆதம்பாவா


வட்டக்கச்சி
2024 ஜூன் 30

அன்புள்ள செல்வராசாவுக்கு,

நீர் கேட்டபடி மைனர் வரும். ஸாஜித் ஓட்டி வருவார். முன்னுக்கு விடும்படி எல்லோருக்கும் சொல்லும். மலையில்லாத பாதைதான், என்றாலும் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

நாங்கள் இருவரும் வரவில்லை. காரணம் கேட்க வேண்டாம். கார் வருகிறது, அதோடு திருப்திப்படும்.

உமது குடும்பத்தின் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

கதிர்காமநாதன்


ஹரோ
2024 ஜூலை 16

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று அக்கா போனில் அழுதா. "கேற்றைப் பூட்டித் திறப்பை மடிக்குள்ளை வைச்சிருக்கிறார். என்னை விடுறார் இல்லையடா. நீயாவது வந்து கூட்டிக்கொண்டு போ" என்றா. என் வாழ்க்கையில் அவா இப்படிக் கேட்டதில்லை.

இதற்கு என்ன அர்த்தம்? அம்மா இல்லாத எனக்கு அம்மாவாய் இருந்தவா. ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போகக் கேட்டதற்கா பூட்டி வைத்திருக்கிறீர்கள்? உங்களை நான் அப்படிப்பட்ட மனிதராய் நினைத்ததில்லை. கார் வர வேண்டும் என்று இனி எனக்கு அவசியமில்லை. அக்கா வர வேண்டும். ஓகஸ்டில் அந்தக் காரிலிருந்து அவா இறங்காவிட்டால் நானே வந்து கேட்பேன்.

செல்வராசா


வட்டக்கச்சி
2024 ஓகஸ்ட் 9
ஸாஜித் மூலம்

அன்புள்ள செல்வராசாவுக்கு,

நீரும் குடும்பமும் சுகமாய் வந்து சேர்ந்திருப்பீர்கள். காரிலிருந்து அக்கா இறங்க மாட்டா. அவாவுக்குப் பதிலாய் இந்தக் கடிதம் வருகிறது. ஓரமாய்ப் போய் இருந்து வாசியும்.

அக்காவுக்கு மறதி நோய். மூன்றாம் வருடம் நடக்கிறது. முதலில் உப்பு, திறப்பு, ஆட்களின் பெயர் என்று மறந்தது. போன வருடத்திலிருந்து இடம்பெயர்வு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் காரில் சாமான் ஏற்றுகிறா. உமக்குச் சொன்ன அரிசியும் லாம்பும் உம்முடைய பயணத்துக்கு அல்ல. கேற் திறந்திருந்தால் வாய்க்கால் றோட்டால் நடந்து போய்விடுவா. ஒருமுறை தருமபுரம் தாண்டித்தான் பிடித்தோம். கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது, ஆகவே பூட்டுகிறேன். பூட்டும்போது அவா என்னைப் பார்க்கிற பார்வையை உமக்கு எழுத முடியாது.

இடம்பெயர்ந்த அன்றைக்கும் இந்தக் காரில்தான், இதே போல வரிசையில்தான் போனோம். போய்ப் போய்க் கடல்தான் வந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. இப்போது சொல்லும், எந்த மனத்தோடு நான் அவாவை ஏற்றிக்கொண்டு வரிசையாய்க் கடற்கரைக்கு வருவது?

ஏன் சொல்லவில்லை என்று கோபிப்பீர். அவாவை ஏதாவது இல்லத்தில் விடச் சொல்வீர் என்று பயந்தேன். மற்றது, உம்மோடு போனில் கதைக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவா சிரிப்பா, உம்மைப் பேசுவா. தூர நின்று பார்க்க எனக்குப் பழைய விமலேஸ்வரியாய்த் தெரிந்தா. உமக்குச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன்.

காரை நல்லாய்ப் பாரும். எல்லோருக்கும் காட்டும். எனக்கும் வர ஆசையாய்த்தான் இருந்தது, செல்வராசா.

கதிர்காமநாதன்


உப்புவெளி, திருகோணமலை
2024 ஓகஸ்ட் 11
சுகிர்தன் கையில்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு நான் ஜூலையில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதை நினைக்க வெட்கமாய் இருக்கிறது. அக்கா என்னோடு கதைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் நான் சிரித்திருக்கிறேன்.

மைனரை முன்னுக்கு விட்டுத்தான் வந்தார்கள். சனம் சுற்றிக்கொண்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்து யார் செய்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

உடனே ஓடி வந்திருப்பேன். ஆனால் வெறும் கையோடு வர விருப்பமில்லை. வந்த வழியில் டைனமோ எரிந்துவிட்டது. ஸாஜித் வவுனியாவிலிருந்து வேறொன்று எடுப்பிக்கிறார். வெள்ளிக்கிழமை நானே மைனரை ஓட்டிக்கொண்டு வருகிறேன். மற்றக் கார்களும் கூட வரச் சம்மதம். அக்காவை முன் சீற்றில் இருத்தி இரணைமடுக் கட்டுவரை ஒரு சுற்றுக் கொண்டுபோவேன். காரில் போக வேண்டும் என்றுதானே அவா இவ்வளவு நாளும் அழுதா. ஒருமுறை போய்விட்டு வந்தால் மனம் ஆறும்.

அதுவரை அவாவையும் உங்களையும் கடவுள் பார்க்கட்டும்.

செல்வராசா


வட்டக்கச்சி
2024 ஓகஸ்ட் 13
யாழ்ப்பாணம்–திருகோணமலை பஸ் கொண்டக்டர் மூலம்

அன்புள்ள செல்வராசாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். இம்முறை இதை உண்மையாய் எழுதுகிறேன்.

வெள்ளி காலையில் ஸாஜித் வந்து சாமானை இறக்கி விறாந்தையில் வைத்தார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றா. கத்துவா, பின்னால் ஓடுவா என்று நான் கேற்றடியில் ஆயத்தமாய் நின்றேன். அவா ஓடவில்லை. ஸாஜித்தின் கையில் தண்ணீர்ப் போத்திலைக் கொடுத்தா. கார் வாய்க்கால் றோட்டில் திரும்பி மறையும்வரை நின்றா. பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்கும்படி வாயை நல்லாய் அசைத்து, "கார் போட்டுது. இனி எங்கை போறது. இங்கையே இருப்பம்" என்றா. அரிசிப் பையைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் குசினிக்குள் வைத்தா. மூட்டையை அவிழ்த்து உடுப்பை அலுமாரியில் அடுக்கினா.

அன்றிலிருந்து மூட்டை கட்டவில்லை. ஞாயிறு கேற்றைப் பூட்ட மறந்து வயலுக்குப் போய்விட்டேன். நினைவு வந்து ஓடி வந்தால், அவா கதிரையில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறா. நான் குசினி வாசலில் இருந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தேத்தண்ணி தந்தா. நேற்று வேண்டுமென்றே கேற்றைத் திறந்துவிட்டு வாய்க்கால் வரை தனியே நடந்து போய் வந்தேன். இவ்வளவு காலத்தில் அப்படி நடந்ததில்லை.

டொக்டரிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். இருக்கும்வரை இருக்கட்டும். ஆகவே மைனர் இங்கே வரக் கூடாது. டைனமோவைப் போட்டு ஆதம்பாவாவிடம் கொடுத்துவிடும். பெயர் மாற்றுகிற எழுத்து வேலைகளைப் பிறகு பார்ப்போம். சோக்கை முழுதாய் இழுத்தால் பிளக் நனைந்துவிடும் என்று ஸாஜித்துக்குச் சொல்லும். சும்மா நிறுத்தி வைக்காமல் ஓட்டட்டும். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மற்றக் கார்களும் வேண்டாம். பிரதான வீதியில் மைனர் திரும்பினாலும் எனக்குக் கேட்காது. அவாவுக்குக் கேட்கும்.

உம்மைக் கண்டால் சந்தோசப்படுவா, வெள்ளியே வாரும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வாரும்.

வழி பார்த்திருக்கும்,
கதிர்காமநாதன்